இடைவெளி விடாதே என்று சொன்ன கல்யாண வீடு

“மேடையில ஏறுனா மொதல்ல யாரண்ணே சந்தேகப்படணும்?” என்று போன வாரம் ஒரு தம்பி என்னைக் கேட்டான்.

கேலிதான். தாராசுரத்துக் கிடார்க்காரன் தன் நிழலையே நம்ப மாட்டான் என்று குழுவுக்குக் குழு பேச்சு இருப்பது எனக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்டுவிட்டான், சொல்கிறேன். முதலில் ஆம்ப்ளிஃபையரை. அடுத்து மைக் செட்டுக்காரரை. அப்புறம், கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே உங்களைப் புகழ்கிறாரே, அவரை. கடைசியில் உங்கள் இடது கைச் சுண்டுவிரலை.

சுண்டுவிரல் என்ன பாவம் செய்தது என்பீர்கள். இப்போது நீங்கள் எல்லோரும் ஒரே கிடாரில் ரிதமும் லீடும் கலந்து வாசிக்கிறீர்கள். போனைத் திறந்தால் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர். நாலு கம்பியைச் சேர்த்து அமுக்கிக் கார்டு பிடித்த கை பிடித்தபடி இருக்க, சுண்டுவிரல் மட்டும் நீண்டு போய் மெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கேட்கிறவர் இரண்டு கிடார் ஓடுகிறது என்று நினைப்பார். நல்ல வித்தைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விரலுக்கு ஒரு கெட்ட புத்தி இருக்கிறது. எங்கே கொஞ்சம் இடம் தெரிந்தாலும் போய் உட்கார்ந்துவிடும். பாடுகிற பெண் மூச்சு வாங்குகிற இடத்தில் நுழையும். தபலாக்காரர் ஒரு சுற்று விட்டுப் பிடிக்கலாம் என்று நினைத்தால் அங்கேயும் நுழையும். அதற்குக் கைதட்டல் வேறு வரும். கைதட்டல் வந்துவிட்டால் அப்புறம் அந்த விரலை யார் அடக்குவது?

எனக்கு அந்த வித்தை வந்த கதை அப்படி ஒன்றும் அழகானதில்லை. சந்தேகத்தில் கற்றுக்கொண்டேன். எங்கள் கும்பகோணத்து மெல்லிசைக் குழுவில் அப்போது இரண்டு கிடார். மெட்டு வாசிக்கிற லீடு நான். தாளத்துக்குக் கார்டு போடுகிற ரிதம் ராசு. குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் அவனுக்கு. அவன் தாத்தா காலம் வரை பண்ணையில் கூலி வேலை. அவன் அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். ராசு என்னைவிடச் சின்னவன், அதிகம் பேச மாட்டான். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஒரு மாதிரிதான். நடவு, அறுவடை என்றால் ஊருக்குப் போய்விடுவான், அவன் வந்தால்தான் நிச்சயம். என்றைக்காவது ஒருநாள் மேடையில் நம்மை அம்போ என்று விடப்போகிறான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவன் இல்லாவிட்டாலும் கச்சேரி நடக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் வேலையையும் ஒரு கையில் பழகினேன்.

அது கழக ஆட்சிக் காலம். சுவருக்குச் சுவர் நிலம், குத்தகை, கூலி என்றே எழுதியிருக்கும். குத்தகைதாரர் தன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்தவரை நிலத்திலிருந்து லேசில் கிளப்ப முடியாது. அதனால் மிராசுதார்கள் பாதிப்பேர், ‘குத்தகையாவது ஒன்றாவது, நாங்களேதான் சாகுபடி செய்கிறோம்’ என்று காட்டத் துடித்தார்கள். எந்த ஊருக்குக் கச்சேரிக்குப் போனாலும் சனங்கள் இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டைக் கேட்பார்கள், ஆனால் கண் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும்.

அப்படி ஒரு ஆவணி மாதத்தில் எங்கள் மாஸ்டரைத் தேடி ஒருவர் வந்தார். மாஸ்டர் என்றால் குழுவை நடத்தியவர், ஆர்மோனியம் வாசிப்பார். வந்தவர் ராசுவின் ஊர் மிராசுதாருக்கு ஏஜெண்டு, நிலபுலனையெல்லாம் கவனித்துக்கொள்கிறவர். மிராசுதார் மகளுக்குக் கல்யாணம், கச்சேரி வேண்டும் என்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“பகல் கச்சேரிங்க. பந்தி போட ஆரம்பிக்கறப்பத் தொடங்குனா வெளக்கு வைக்கிற வரைக்கும் நடக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது.”

“பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் மூச்சு விட்டுக்குவோங்க,” என்றார் மாஸ்டர்.

“அதெல்லாம் வேணாம். ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்ற வரைக்கும் ஏதாவது ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கணும். இடைவெளியே விடாதீங்க. கல்யாண வீடு கலகலன்னு இருக்கணும்னு எங்க ஐயா பிரியப்படறாரு.”

மாஸ்டர் என் முதுகில் தட்டினார். “அதுக்குத்தான் இவரு இருக்காரே. ஒத்தக் கிடார்ல ரெண்டு கிடார் வாசிப்பாரு. காத்து நுழைய எடம் விட மாட்டாரு.”

எனக்குக் குளிர்ந்துபோய்விட்டது. ஏஜெண்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது சரிங்க. ஆனா ரெண்டு கிடாரும் வந்தாகணும். அந்த ராசு கட்டாயம் வரணும். எங்க ஊருப் பையனில்ல?”

தம்பிகளா, இத்தனை வருஷத்தில் ரிதம் கிடார்க்காரனைப் பெயர் சொல்லிக் கேட்டுக் கச்சேரி பேசிய ஆளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பாடுகிறவர் பெயரைக் கேட்பார்கள். லீடு வாசிக்கிற என்னையே ‘அந்த ஒல்லியா இருப்பாரே’ என்பார்கள். ரிதம் வாசிக்கிறவன் பெயர் அவன் வீட்டைத் தாண்டாது. இவர் என்னடா என்றால் ராசு, ராசு என்கிறார்! எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பயல் உள்ளுக்குள் என்னவோ வேலை பார்க்கிறான், மிராசுதார் தயவில் தனிக் குழு தொடங்கப்போகிறான், அங்கே லீடும் அவனே வாசிக்கப்போகிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஏஜெண்டு எதற்காக அவனைக் கேட்கிறார் என்று யோசிக்கவே இல்லை. லீடு வாசிக்கிறவனின் புத்தி அப்படித்தான் போகும்.

கல்யாணத்தன்று வேனில் போகும்போது வழக்கத்துக்கு மாறாக ராசுவே பேச்சுக் கொடுத்தான். வாய்க்கால் கரையோரம் வண்டி திரும்பியதும் கையை நீட்டிக் காட்டினான்.

“அதாண்ணே எங்க வயலு. மூங்கக் கொல்லைக்கு அந்தாண்ட தெரியுது பாருங்க.”

குறுவை நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“நெலம் மிராசுதாரோடது, குத்தகைய எங்கப்பா பேர்ல பதியறதுக்குக் கேஸு நடக்குதுண்ணே. தாசில்தார் நேர்ல பாக்க வர்றாரு. இந்த வெள்ளாமைய எங்கப்பா கையால அறுத்துக் களத்துல சேத்துட்டா, சாகுபடி நாங்கதான்னு ஆயிடும். அவங்க அறுத்துட்டா நாங்க யாரோ எவரோதான். அதுக்கப்புறம் நெலத்துல காலு வைக்க முடியாது.”

“பின்ன அறுக்க வேண்டியதுதானே?”

“ஏஜெண்டே வந்து சொல்லிட்டாருண்ணே, கல்யாணம் முடியட்டும், நாளைக்கு நீங்களே அறுத்துக்கங்க, வம்பு வழக்கு எதுக்குன்னு. எங்க தெரு மொத்தத்துக்கும் பத்திரிகை வச்சிருக்காரு. ஒருத்தர் விடாம வரணுமாம்.”

சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. ஊரில் பெரிய மனிதர் வீட்டு மேடையில் உட்காரப்போகிற சந்தோஷம். எனக்கோ, மிராசுதாரோடு இத்தனை சுமுகமா, அப்படியென்றால் நாம் நினைத்தது சரிதான் என்று உறுதியாகிவிட்டது. அவன் வயலைப் பற்றிச் சொன்னதை ஒரு காதில்தான் வாங்கினேன்.

கல்யாண வீட்டில் பெரிய பந்தல் ஒன்று. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சின்னப் பந்தல் ஒன்று, அது ராசுவின் தெருக்காரர்களுக்கு. மிராசுதார் அப்போதுதான் ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தார், வாசலெல்லாம் கொடி. கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் வாழ்த்துரை இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. மைக்கைப் பிடித்தார்கள் என்றால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கிற வரைக்கும் பேசுவார்கள். அங்கே பேச்சையே காணோம். கேட்டதற்கு, “வாழ்த்துரையெல்லாம் வெளக்கு வச்ச பெறகு,” என்றார் ஏஜெண்டு. பேச்சாளர்களை அத்தனை நேரம் சும்மா உட்காரவைக்கிற கட்சி எந்த ஊர்க் கட்சி? எனக்கு உள்ளே ஒன்று உறுத்தியது.

இன்னொன்றும் உறுத்தியது. மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையும் எதிர்ப்பந்தலைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். பெரிய பந்தலுக்கு ஒரே ஒரு பெட்டி.

“ஏன் தம்பி, எல்லாக் குழாயும் அந்தப் பக்கமே பாக்குது?” என்று மைக் செட்டுக்காரரைக் கேட்டேன்.

“ஏஜெண்டு சொன்னாருங்க. அந்தத் தெரு சனங்களும் நல்லா கேக்கட்டுமாம்.”

“அவ்வளவு நல்ல மனசா?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். என் சந்தேகம் முழுக்க ராசு மேல் இருந்தது. ஒரு ஆளைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால் மற்ற எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

கச்சேரி தொடங்கியது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார், தபலாக்காரர் சுத்தியலை எடுத்துச் சுருதி சேர்ப்பார், பாடுகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். அந்த நேரமெல்லாம் என் கையில். முடிந்த பாட்டின் தாளத்தைக் கார்டில் பிடித்து இழுத்துக்கொண்டே, அடுத்த பாட்டின் சுருதிக்கு நகர்ந்து, அதன் மெட்டை மேலே சுண்டுவிரலில் கொஞ்சம் காட்டிக் கொடுப்பேன். சனங்களுக்குப் பாட்டு பிடிபட்டு விசில் கிளம்பும்போது குழு உள்ளே வரும். உண்மையிலேயே காற்று நுழைய இடமில்லை. ஏஜெண்டு மேடை ஓரமாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ராசுதான் சரியில்லை. முதலில் நன்றாகத்தான் வாசித்தான். பந்தி பாதி நடந்தபோது கார்டை விட ஆரம்பித்தான். ஒரு வரி வாசிப்பான், அடுத்த வரியில் உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து அமுக்கிவிட்டுத் தலையைச் சாய்ப்பான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

“ஏன்டா, கை வலிக்குதா?”

“கொஞ்சம் நிறுத்துங்கண்ணே.”

“என்னது?”

“ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருங்கண்ணே. ஏதோ கேக்குது.”

ஏதோ கேட்கிறதாம்! நான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு ஏதோ கேட்கிறதாம். மிராசுதார் எதிரே என்னை நிறுத்திவைத்து, லீடுக்காரர் திணறினார் என்று பெயர் வாங்கிக்கொடுக்கப் பார்க்கிறான், விடுவேனா? அவன் விட்ட கார்டையெல்லாம் நானே சேர்த்து வாசித்தேன். வால்யூமையும் ஏற்றினேன்.

அந்தப் பாட்டு முடிந்ததும் ராசு கிடாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். “கீழ போயிட்டு வந்துடறேன் மாஸ்டர்.”

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஏஜெண்டு மேடையில் கால் வைத்து அவன் தோளில் கையைப் போட்டார். “உக்காரு தம்பி. ஐயா உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்காரு.”

குரல் தேன் மாதிரி இருந்தது. ஆனால் ராசு உட்கார்ந்த பிறகும் அந்தக் கை தோளிலேயே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். தனிக் குழு வைத்துக் கொடுக்கப்போகிறவர் கை அப்படி இருக்காது. வாரண்டு கொண்டுவந்தவர் கைதான் அப்படி இருக்கும்.

அடுத்தது மெதுவான பாட்டு. தபலா லேசாக, நான் கார்டைத் தொட்டும் தொடாமலும். அப்போதுதான் அடியில் ஒரு ரீங்காரம் என் காதில் விழுந்தது. எந்தக் கார்டுக்கும் ஒட்டாத ஒரு கனத்த சுருதி. ஆம்ப்ளிஃபையரில் எர்த் சரியில்லை என்று மைக் செட்டுக்காரரை மனதுக்குள் திட்டினேன். எர்த் கோளாறு என்றால் கம்பியைத் தொட்டால் ஹம், அந்த ரீங்காரம், மாறும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மாறவில்லை. சரி என்று கிடாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன். ஹம்மும் அடங்க வேண்டும். அடங்கவில்லை. அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு நேரம் கனமாக, ஒரு நேரம் லேசாக, முக்கி முக்கி.

அது என் ஆம்ப்ளிஃபையரில் இல்லை. மூங்கில் கொல்லைப் பக்கமிருந்து வந்தது. டிராக்டர்.

ராசுவைப் பார்த்தேன். அவன் கண் மூங்கில் கொல்லை மேலேயே இருந்தது. உதடு வெளுத்திருந்தது. தோளில் அந்தக் கை. ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. இடைவெளி விடாதே என்றது, வாழ்த்துரையைத் தள்ளிப்போட்டது, குழாயையெல்லாம் எதிர்ப்பந்தலுக்குத் திருப்பியது, ஒருத்தர் விடாமல் பத்திரிகை வைத்தது, குத்தகைக்காரர் மகனைப் பெயர் சொல்லிக் கேட்டு மேடையில் கட்டிப்போட்டது. வெளியூர் ஆட்களை விட்டு அந்த வயலை அறுத்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். விளக்கு வைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். தாசில்தார் வந்து பார்த்தால் நெல் மிராசுதார் களத்தில் இருக்கும். அந்தச் சத்தம் வெளியே கேட்காமல் மூடுவதற்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாக்குப் படுதா மாதிரி என்னைப் பிடித்து விரித்திருக்கிறார்கள்! நானும் பல்லைக் காட்டிக்கொண்டு விரிந்து கிடந்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். தபலாக்காரர் சுத்தியலைத் தேடினார். என் முறை.

பயமாக இல்லையா என்றால், என் கண் முதலில் வேனைத்தான் தேடியது. மாட்டுக் கொட்டகை ஓரம் தடியும் கையுமாகச் சிலர் உட்கார்ந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன், கல்யாண வீட்டுக் காவல் என்று நினைத்திருந்தேன். குழுவில் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஏதாவது நடந்தால் வேன் வரைக்கும் ஓட முடியுமா? எழுந்து நின்று மைக்கில் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. சொன்னால் என்ன ஆகும்? மைக்கைப் பிடுங்குவார்கள், அடி விழும், ராசு சொல்லித்தான் சொன்னேன் என்று அவன் மேல் கேஸ் எழுதுவார்கள். வாசிக்காமல் இருந்தால் யாரும் என்னைக் கேட்க முடியாது. சுண்டுவிரல் பழக்கத்தில் எழுந்துவிட்டது. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

சத்தம் நின்றது. மதியத்திலிருந்து அந்த ஊரில் சத்தம் நின்றது அப்போதுதான். இலையில் பாயசம் ஊற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. அதற்குப் பின்னால், மூங்கிலைத் தாண்டி, டிராக்டர் முக்கிக்கொண்டு வரப்பேறுகிற சத்தம்.

எதிர்ப்பந்தலில் ஒருவர் சாப்பிட்ட கையோடு எழுந்தார். ராசுவின் அப்பா.

“டேய், வண்டிச் சத்தம் நம்ம வயல்ல கேக்குதுடா!”

அவ்வளவுதான். பந்தி அப்படியே எழுந்தது. ஆண், பெண், பிள்ளை குட்டி எல்லாம் வாய்க்காலை நோக்கி ஓடியது. ராசு தோளை உதறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தான்.

“வாசிய்யா! எதுக்கு நிறுத்துன? வாசி!” என்று கத்தினார் ஏஜெண்டு. தேனெல்லாம் போய்விட்டது.

“என்னய்யா ஆச்சு?” என்றார் மாஸ்டர்.

“கம்பி போயிடுச்சு மாஸ்டர்.”

“எந்தக் கம்பி? காட்டு!” ஏஜெண்டு என்னை நோக்கி வந்தார்.

கிடாரில் எல்லாக் கம்பியும் பளபளவென்று இருந்தது. நான் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கிறவன் போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மெல்லிய கம்பியின் முறுக்காணியைத் திருகினேன். திருகு திருகென்று திருகினேன். சனியன், வேண்டாத நாளெல்லாம் அறுந்து மானத்தை வாங்குகிற கம்பி அன்றைக்குப் பார்த்து அறுவேனா என்றது. அவர் மூச்சு என் பிடரியில் பட்ட நேரத்தில் ‘பட்’டென்று போய் என் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தது. ரத்தம் வந்துவிட்டது.

“இந்தக் கம்பிங்க,” என்றேன் திரும்பி.

கன்னத்தைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். “இப்பத்தான அறுந்துச்சு? சத்தம் கேட்டுச்சே.”

“மொதல்ல பிரிஞ்சு நின்னுச்சுங்க. இப்ப முழுசாப் போயிடுச்சு.”

அவர் நம்பவில்லை. நம்பாத கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, தினமும் கண்ணாடியில் பார்க்கிறேனே. ஆனால் அவருக்கு நிற்க நேரமில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினார்.

அங்கே பெரிதாக அடிதடி ஆகவில்லை. யார் செய்த புண்ணியமோ! ஒரு தெருவே வரப்பில் ஏறி நிற்பதைப் பார்த்ததும் தடிக்காரர்கள் கிட்டே வரத் துணியவில்லை, வெளியூர் ஆட்கள் அரிவாளைப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்களாம். பாவம், அவர்களும் கூலிக்கு வந்தவர்கள். வண்டியில் ஏற்றிய கட்டுகளை இறக்கிப் போட்டு, மிச்சத்தை ராசுவின் அப்பாவும் தெருக்காரர்களும் கல்யாணத்துக்கு உடுத்திய துணியோடேயே அறுத்தார்கள். நாங்கள் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் திரும்பியபோது பெண்கள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் வந்து பார்த்தபோது நெல் அவர்கள் களத்தில் இருந்தது.

மிராசுதார் பக்கம் சும்மா இருக்கவில்லை. கூட்டம் கூட்டி வம்பு செய்ய முன்பே திட்டம் போட்டிருந்தார்கள், கிடாரை நிறுத்தினதுதான் அடையாளம், நிறுத்தச் சொன்னது ராசு என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் என்னைத் தனியாக விசாரித்தார்கள், ராசுவைத் தனியாக. கம்பி, கம்பி என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். கன்னத்துக் காயமும் சாட்சி சொன்னது. மாஸ்டர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நெஜமாவே கம்பிதானா? இல்ல நீயும் விவசாய சங்கத்து ஆளா?” என்றார். நான் சங்கமும் இல்லை, கட்சியும் இல்லை. அவர் நம்பினாரா தெரியாது. அதற்குப் பிறகு பாட்டுக்குப் பாட்டு நடுவில் என்னைத் தனியாக வாசிக்க விடவே இல்லை.

ராசு குழுவை விட்டுவிட்டான். அந்த வட்டாரத்தில் அவனை மேடை ஏற்ற எல்லோருக்கும் பயம். கேஸ் இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். டீ சொன்னான். என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்குக் கம்பி தானா அறுந்துச்சா, நீங்க நிறுத்துனீங்களா?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கோர்ட்டில் அவனைக் கூண்டில் ஏற்றி இனிமேல்தான் விசாரிக்கப்போகிறார்கள். கிடார்க்காரர் வேண்டுமென்றே நிறுத்தினாரா என்று வக்கீல் கேட்டால் அவன் தெரியாது என்று சொல்ல வேண்டும், பொய் சொல்லத் தெரியாத பயல், நிஜமாகவே தெரியாமல் இருந்தால்தான் தேறுவான். எங்களைத் தெரிந்த ஒருவர் பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகப் பக்கத்தைத் திருப்பாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“தானாத்தான் அறுந்துச்சு,” என்றேன்.

ராசு பெருமூச்சு விட்டான். நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“நானும் அதாண்ணே சொன்னேன். எங்கப்பா கேக்கவே மாட்டேங்கறாரு. அந்தக் கிடார்க்காருதான்டா நிறுத்துனாரு, அவரு நல்லாருக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நான்தான் சொன்னேன், இல்லப்பா, நான் அவரு பக்கத்துலயே உக்காந்து வாசிச்சவன், எனக்குத் தெரியும். நான் கெஞ்சுனேன், நிறுத்தல. உசுரே போனாலும் அவரு நிறுத்துற ஆளு இல்ல, கம்பி அறுந்ததால நாம பொழச்சோம்னு.”

அவன் கோபத்தில் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னான். அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. கேஸ் முடிந்து அவர்கள் பெயர் பதிவான பிறகு சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நினைத்தேன். அதற்கப்புறம் போய், ‘இல்லை ராசு, நான்தான் நிறுத்தினேன்’ என்று சொன்னால், பெயர் வாங்க வந்திருக்கிறான் என்று நினைக்க மாட்டானா? நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். சொல்லவில்லை.

அவன் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, கிடாரைத் தொட்டுக்கூடப் பார்த்தவரில்லை. அவர் நம்பினார். என்னோடு அத்தனை மேடையில் தோளோடு தோள் உட்கார்ந்து வாசித்தவன் நம்பவில்லை. அவன் மேல் தப்பே இல்லை. அவனுக்குத் தெரிந்த என்னை அவன் சொன்னான். நன்றாக வாசியுங்கள் தம்பிகளா, கையில் எத்தனை வித்தை ஏறுமோ அத்தனையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவன் ‘கொஞ்சம் நிறுத்துண்ணே’ என்றால், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் நிறுத்துங்கள்.